வெளிறிய பார்

முத்துக்குளித்துறைக் கரையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து, பங்கின் பெயரையோ தம் பெயரையோ வெளியிட வேண்டாமென்ற வேண்டுகோளுடன், ஒரு தாயார் எழுதிய மடல் சென்ற மாதம் நமக்கு வந்து சேர்ந்தது. நோட்டுப் புத்தகத் தாளில் நான்கு பக்கங்கள். குடும்பச் செலவு, மகளின் படிப்பு, கணவரின் முதுகுவலி என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில்தான் எழுத வந்த காரியத்துக்கு வருகிறார். மூத்த மகன் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருக்கிறான். மேற்கொண்டு படிக்க மனமில்லை. அப்பாவோடு வள்ளத்தில் போகிறேன் என்று நிற்கிறான். அப்பாவுக்கு உள்ளூர மகிழ்ச்சி. அம்மாவுக்கோ உறக்கமில்லை. காரணம், அவருடைய கொழுந்தனார் கூடுதல் கூலியை நாடிக் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்குப் போய், ஓர் ஆழ்கடல் படகில் வேலைக்குச் சேர்ந்தவர், 2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் ஒக்கிப் புயலுக்குப் பின் வீடு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

"கடல் முன்னைப் போல் இல்லை என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். பூமி சூடாகிறது, அதனால்தான் என்று பள்ளிக்கூடத்தில் மகள் படித்துவிட்டு வந்து சொல்லுகிறாள். இது மெய்தானா? மெய்யென்றால் என் மகனை நான் அனுப்பலாமா?" இவை அவர் கேட்கும் கேள்விகள்.

இரண்டாவது கேள்விக்கு விடை கூற நமக்கு உரிமையில்லை. ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரையில் முடிவாக வேண்டிய காரியத்தை மாத இதழொன்றின் பக்கத்தில் முடிவு செய்வது முறையுமன்று. ஆனால் முதற் கேள்விக்கு விடை உண்டு. அதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டுமென்று நாம் தூத்துக்குடிக்குப் பயணமானோம்.

அங்கே ஒரு பெரியவரைச் சந்தித்தோம். இளமை முழுதும் சங்கு குளித்தவர். எழுபதைத் தாண்டிய வயது. ஒரு செவி கேட்பதில்லை. நெடுங்காலம் ஆழத்தில் இறங்கியவர்களுக்கு வாய்க்கும் கூலிகளில் அதுவும் ஒன்று. அவரிடம் நாம், பவளப்பாறை எப்படியிருக்கிறது என்று கேட்டோம். அவருக்கு அச்சொல் பழக்கமில்லை. சற்று யோசித்துவிட்டு, "பாரைக் கேக்குறீங்களா?" என்றார்.

கடலடியில் பாறை எழும்பி நிற்கும் இடத்தைப் பார் என்பது நம் மீனவரின் வழக்கு. முத்துச்சிப்பி விளைந்ததும் பாரில்தான். உலகத்துக்கும் பார் என்றே நம் மொழியில் பெயர். இந்த ஒற்றுமையை எண்ணிக்கொண்டே அவர் சொல்லுவதைக் கேட்டோம். "நான் இறங்குன காலத்துல பாரு மேல கால் வைக்க இடம் இருக்காது தம்பி. மான்கொம்பு மாதிரி கிளை விட்டு நிக்கும். இடுக்குக்கு இடுக்கு மீனு. போன தடவ மகன் கூட்டிட்டுப் போனான், கண்ணாடி போட்டுக் குனிஞ்சு பாத்தேன். சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா கிடக்கு. சில இடத்துல பாசி மூடிக் கறுத்துப் போச்சு." இதைச் சொல்லிவிட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை.

பெரியவர் கண்டது என்னவென்று விளக்குவது அவசியம். பவளப்பாறையைக் கல் என்று நினைப்போர் பலர். அது கல்லன்று, கல்லைக் கட்டுகின்ற மிகச் சிறிய உயிர்களின் குடியிருப்பு. அவ்வுயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைச் சேர்த்துத் தம்மைச் சுற்றிக் கூடு கட்டுகின்றன. தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்ட கூடுகளே பாராக வளர்ந்து நிற்கின்றன. இவ்வுயிர்களின் உடலுக்குள்ளே, கண்ணுக்குப் புலப்படாத பாசி குடியிருக்கிறது. வீட்டுக்காரருக்குக் குடியிருப்பவர் சமைத்துப் போடுவது போல, அந்தப் பாசி சூரிய ஒளியில் உணவைத் தயாரித்து, அதிற் பெரும்பகுதியைப் பவளத்துக்கே கொடுத்துவிடுகிறது. பவளத்துக்கு நிறம் தருவதும் அதுவே.

நீரின் வெப்பம் வழக்கமான கோடை வெப்பத்துக்கு மேல் ஒரு பாகை உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலே இந்த உறவு முறிந்துவிடுகிறது. சூட்டைத் தாங்காத பாசி நஞ்சு போன்ற பொருளை வெளியிடத் தொடங்க, பவளம் அதனை உடலிலிருந்து வெளியேற்றிவிடுகிறது. அப்போது சதை கண்ணாடியாகி, உள்ளேயிருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. அறிஞர் இதை வெளிறுதல் என்கின்றனர். வெளிறிய பவளம் செத்த பவளமன்று. விரைவில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வந்து குடியேறும், உயிர் தளிர்க்கும். குளிராவிட்டால் பவளம் பட்டினியால் மடிகிறது. நம் கடலில் இந்த ஆபத்து சித்திரை, வைகாசி மாதங்களில் நேர்கிறது. பிறகு கச்சான் காற்று எழும்பி நீரைக் கலக்கிக் குளிரச் செய்யும். அந்தக் காற்று பிந்தினால் பாருக்குக் கேடு.

1998-ஆம் ஆண்டில் உலகக் கடல்கள் எங்கும் பவளம் வெளிறியது. 2010-இலும், 2014 முதல் 2017 வரையிலும் மீண்டும் நேர்ந்தது. நான்காவது உலகளாவிய வெளிறல் நிகழ்ந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவியலார் அறிவித்தனர். மன்னார் வளைகுடாவைத் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் நீரில் மூழ்கி அளந்து வருகிறார்கள். 2016-ஆம் ஆண்டு வெளிறலில் மட்டும், உயிருள்ள பவளம் மூடியிருந்த பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்கு இறங்கியதென்பது அவர்கள் கண்ட கணக்கு. ஒரே கோடையில்! பெரியவர் சொன்ன மான்கொம்புப் பவளமே அதிகம் மாண்டது. உருண்டையாக வளரும் வகை ஓரளவு தாங்கிக்கொண்டது. உலக வெப்பம், தொழிற்புரட்சிக்கு முற்பட்ட நிலைக்கு மேல் ஒன்றரைப் பாகை உயர்ந்தால் உலகப் பவளத்தில் 70 முதல் 90 விழுக்காடும், இரண்டு பாகை உயர்ந்தால் ஏறத்தாழ முழுவதும் அழியுமென்று, பன்னாட்டு அரசுகளின் சார்பில் இயங்கும் அறிஞர் குழு 2018-இல் கணித்தது. ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையே அரைப் பாகைதான். நம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் அடிக்கையில் அரைப் பாகையின் அருமை நமக்குத் தெரியும்.

பவளம் போனால் என்ன, அதை யார் உண்கிறார்கள் என்று கேட்கலாம். உலகக் கடற்பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத பவளப்பாறைகள், கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு பருவத்தில் புகலிடமாகின்றன. களவா, விளைமீன், கிளிமீன், சிங்கி இறால் என்று நம் சந்தையில் விலை போகும் பலவும் பாரை அண்டி வாழ்வனவே. மடல் எழுதிய தாயாரின் வள்ளம் சின்ன வள்ளம். விசைப்படகைப் போல நெடுந்தொலைவு போய்ப் பிடிக்க அதற்கு வசதியில்லை. பார் இருக்குமிடத்தில்தான் அதன் பிழைப்பு.

இவ்விடத்தில் உண்மையொன்றைச் சொல்லாமல் கடந்து போவது நேர்மையாகாது. சூடு வருவதற்கு முன்பே பாரில் கை வைத்தவர்கள் நாம். நெடுங்காலம் வள்ளம் வள்ளமாகப் பவளத்தை வெட்டியெடுத்துக் கரைக்குக் கொண்டு வந்தோம். சுண்ணாம்புக் காளவாயில் இட்டுச் சுட்டோம், தொழிற்சாலைகளுக்கு விற்றோம். இக்கரையின் பழைய வீடுகள் பலவற்றின் சுவரில் அச்சுண்ணாம்பு இருக்கிறது. நம் கோவில்கள் சிலவற்றிலும் இருக்கலாம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் என்று பாடநூல்கள் கூறும். அவற்றுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டும் இன்று நீருக்குள் இருக்கின்றன. சுற்றியிருந்த பார் வெட்டப்பட்டதால் அலையைத் தடுப்பார் இன்றி அவை கரைந்துபோயின. 1986-இல் இப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும் வெட்டுதல் உடனே நின்றுவிடவில்லை. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகே அது அறவே ஓய்ந்தது. பயம் வந்த பிறகு வந்த புத்தி.

தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள வான் தீவு, 1986-இல் 16 எக்டேர் பரப்புடையதாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் இரண்டு எக்டேர் அளவுக்குச் சுருங்கிற்று. அதுவும் மூழ்கிவிடும் என்ற நிலையில், துளைகள் கொண்ட சிமெண்டுக் கட்டுமானங்களைத் தீவைச் சுற்றிக் கடலடியில் இறக்கி, அலையின் வேகத்தைத் தணித்தார்கள். மணல் திரும்பச் சேரத் தொடங்கிற்று. கட்டுமானங்களில் மீனும் குடியேறியது. அருகிலுள்ள கரியாச்சல்லித் தீவுக்கும் அதே முயற்சி அறிவிக்கப்பட்டிருக்கிறது. இயற்கை இலவசமாகக் கட்டித் தந்த சுவரை நாம் இடித்துவிட்டுப் பணம் கொடுத்துச் சிமெண்டில் கட்டுகிறோம். ஆயினும் இம்முயற்சியை நாம் குறை கூறமாட்டோம். செய்யத்தக்கது அதுவே. கடல் மட்டமோ 1901 முதல் 2018 வரை உலகச் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது; உயரும் வேகமும் கூடிவருகிறது. தாழ்ந்த மணல் தீவுக்கு அது சிறிய அளவன்று.

வெட்டியது நம் கை. சுடுவது யார் கை? பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் இரண்டு நூற்றாண்டுகளாக மனிதர் எரித்து வருவதால், காற்றில் கரியமிலவாயுவின் அளவு பத்து இலட்சத்துக்கு 280 பங்கிலிருந்து 420-க்கு மேல் ஏறிவிட்டது. அது போர்வையாகப் படிந்து, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைத் தடுக்கிறது. அவ்வாறு தங்கிய வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை விழுங்கியிருப்பது கடல். நாம் கரையில் இருந்துகொண்டு வெயில் அதிகம் என்கிறோம். உண்மையான சுமையை அது சுமக்கிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சுமார் ஒரு பாகை சூடேறியிருக்கிறதென நடுவண் அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. உலகக் கடல்களின் சராசரி உயர்வைவிட இது அதிகம்.

இந்தியர் ஒருவர் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு டன் கரியமிலவாயு வெளியாகிறது. அமெரிக்கர் ஒருவர் கணக்கில் அதைப் போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. கட்டுமரத்துக்காரனின் கணக்கு எவ்வளவென்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் வெட்கமாயிருக்கும், அவனுக்கல்ல. செல்வ நாடுகளின் கடனை ஏழைக் கடற்கரை அடைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வளவோடு விரலை வெளிநாட்டுப் பக்கம் நீட்டிவிட்டு ஓய்ந்துவிட இயலவில்லை. தூத்துக்குடிக் கடலோரத்தில் 1979 முதல் நிலக்கரி எரித்து மின்சாரம் ஆக்கும் அனல்மின் நிலையம் நிற்கிறது. 1050 மெகாவாட் திறனுடையது. அதன் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டேதான் நாம் பெரியவரோடு பேசினோம். நாம் தங்கியிருந்த அறையில் இரவெல்லாம் மின்விசிறி சுழன்றது. அந்தப் புழுக்கத்தில் அதை நிறுத்திவிட்டு உறங்கும் மனத்திடம் நமக்கு இருக்கவில்லை. பனியையே கண்டிராத இக்கரையின் மக்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பனிமய மாதாவை அன்னையாகக் கொண்டாடி வருவதன் நயம் அன்றிரவு நமக்கு விளங்கிற்று.

இராமநாதபுரம் கரையில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பெயரிட்டு அழைக்கும் பாசிகள், கூழ்மப் பொருள் எடுக்கும் ஆலைகளுக்குப் போகின்றன. கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களுக்குத் துணிச்சுற்று, இடுப்பில் பை, இவ்வளவே கருவிகள். மூச்சடக்கி இறங்கி, பாறையிலிருந்து கிள்ளியெடுத்து மேலே வருவார்கள். பாசி மீண்டும் வளர வேண்டுமென்று ஆண்டில் சில வாரங்களும், மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட நாள்களும் கடலில் இறங்குவதில்லை என்று தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டவர்கள் இவர்களில் உண்டு. எந்தச் சட்டமும் கேட்காமல் செய்த காரியம் இது. பூங்காவின் சட்டமோ தீவுகளை அண்டக் கூடாதென்கிறது. கடலின் சூடோ பாசியையும் விட்டுவைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் அவர்கள் பிழைப்பு நடக்கிறது. பாரைக் காக்க வேண்டுமென்று எழுதும் நாம், பாரை அறிந்தவர்களை அப்புறப்படுத்தித்தான் காக்க முடியுமென்று நம்பவில்லை.

மீன்களும் இடம் மாறுகின்றன. நம் பக்கத்தில் பேச்சாளை என்றும், கேரளத்தில் மத்தி என்றும் வழங்கும் மீன் ஒரு காலத்தில் பெரும்பாலும் கேரள, கர்நாடகக் கரைகளுக்கே உரியதாயிருந்தது. 1980-களின் பிற்பகுதிக்குப் பிறகு அது நம் கிழக்குக் கரையிலும் பெருவாரியாகக் கிடைக்கலாயிற்று. கடல் சூடேறியதால் அதற்கு ஏற்ற நீர் வடக்கிலும் கிழக்கிலும் விரிந்ததே காரணம் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து அறிஞர் விளக்கினர். முன்னாளில் மண்டபத்தில் தலைமையிடம் கொண்டிருந்த நிலையம் அது. இது நல்லதுதானே என்றால், கேரளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 2012-இல் ஏறத்தாழ 3 இலட்சத்து 90 ஆயிரம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் 3,300 டன்னுக்குக் குறைந்தது. குஞ்சு மீனை அரித்தெடுத்ததும் ஒரு காரணம். பசிபிக் கடலில் தோன்றும் எல்நினோ வெப்பம் நம் கடலையும் பாதித்தது மற்றொன்று. சில ஆண்டுகளில் அம்மீன் மீண்டும் பெருகியும் இருக்கிறது. கடல் இனிக் கொடுக்காது என்பதல்ல செய்தி. எப்போது கொடுக்கும், எங்கே கொடுக்கும் என்று அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிற கணக்கு பொய்த்துப் போகிறது. தலைமுறைகளாக நீவாட்டையும் காற்றையும் பார்த்து நாள் குறித்தவர்களுக்கு இது சிறிய இழப்பன்று.

இனிப் புயல். தாயாரின் மடலில் அச்சம் அங்கேதான் இருக்கிறது.

புயல் அன்றும் இல்லையா என்று கேட்பார் உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயலை மறந்துவிட்டீர்களா என்பார்கள். மறக்கவில்லை. வங்கக் கடல் எக்காலத்தும் புயல் பெற்றதுதான். ஒக்கியை ஈன்றது புவி வெப்பமே என்று நாமும் கூறவில்லை. ஒரு புயலைத் தனியாகப் பிடித்து அப்படிக் குற்றம் சாட்டுவது அறிவியலாகாது. ஆனால் புயலுக்கு இரை கடலின் சூடு என்பது அறிவியல். சுமார் 27 பாகைக்கு மேற்பட்ட வெந்நீர் ஆவியாகி மேலெழுந்து மழையாகக் குளிர்கையில் வெளிப்படும் ஆற்றலே புயலைச் சுழற்றுகிறது. நீர் எவ்வளவு சூடோ, அவ்வளவு விரைவில் அது கொழுக்கும். முற்காலத்தில் வங்கக் கடலோடு ஒப்பிடுகையில் அமைதியாயிருந்த அரபிக் கடலில், 2001-க்குப் பிறகு புயல்களின் எண்ணிக்கை அதற்கு முந்திய இருபது ஆண்டுகளைவிடப் பாதியளவு கூடிற்று என்று புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் 2021-இல் கண்டனர். அவை நீடிக்கும் காலமும் மிகுந்தது.

ஒக்கியின் கொடுமை அதன் விரைவில் இருந்தது. 2017 நவம்பர் 29-ஆம் நாள் இலங்கைக்குத் தென்கிழக்கே வெறும் தாழ்வு மண்டலமாயிருந்தது, மறுநாட் காலையில் குமரிமுனைக்கருகே புயலாய் எழுந்து நின்றது. பிறகு அரபிக் கடலுக்குள் நுழைந்து மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் கொண்டது. கரையிலிருந்தவர்களுக்கு எச்சரிக்கை கேட்க ஓரிரு பொழுதாவது இருந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் ஆழ்கடல் படகுகளோ வாரக்கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவை. புறப்பட்டபோது புயலின் பேச்சே இல்லை. எச்சரிக்கை பிறந்தபோது அவர்கள் கைபேசி எட்டும் எல்லையைத் தாண்டியிருந்தார்கள். தமிழகத்திலும் கேரளத்திலுமாக இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தோ காணாமற்போயோ திரும்பவில்லை. பிழைத்தவர்கள் இலட்சத்தீவிலும் மகாராட்டிரக் கரையிலும் ஒதுங்கினார்கள். எத்தனை பேர் வரவில்லை என்று அரசு ஒரு கணக்கும், பங்குகளில் வீடு வீடாய்க் கேட்டு எழுதிய பட்டியல் வேறு கணக்கும் காட்டிய அந்த நாள்களை அப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். உடல் கிடைக்காதவனுக்கு இறப்புச் சான்று எப்படித் தருவது என்ற கேள்வி வேறு. கொழுந்தனாரின் மனைவி இரண்டு குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனை வாசல்களில் ஏறி இறங்கினார் என்று தாயார் எழுதியிருப்பதை இங்கே நாம் எடுத்தெழுதவில்லை.

கரையில் இருப்பவர்களும் தப்பவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அம்மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுதும் பெய்யும் சராசரி மழையைவிட அது மிகுதி. காற்று ஒரு பாகை சூடானால் ஏழு விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். தாங்கியதை ஒரே நாளில் இறக்கியும் வைக்கும். தாமிரபரணிக் கரையில் வீடுகள் இடிந்தன. உப்பளங்கள் நீரில் மூழ்கின. உப்பளத்தில் மழை என்றால் கூலியில்லை என்று பொருள்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலை நம் இல்லங்களில் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. அதன் 41-ஆம் பத்தி நேராகப் பவளப்பாறைகளைப் பற்றியே பேசுகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டு ஆயர்கள் தங்கள் கடலின் அழிவைக் கண்டு 1988-இல் எழுதிய மேய்ப்புப்பணி மடலை அங்கே அவர் எடுத்துக்காட்டுகிறார். அந்த ஆயர்களின் மீனவர்களும் சின்ன வள்ளக்காரர்களே. பிரசங்கங்களில் நாம் அதிகம் கேட்காத பத்தி அது; முத்துக்குளித்துறைக்கென்றே எழுதியது போலிருக்கிறது.

இனித் தாயாருக்கு நாம் எழுதிய பதிலின் சுருக்கம்.

அம்மா, கடல் மாறியிருப்பது மெய். உங்கள் மகள் படித்து வந்து சொன்னதும் மெய். உங்கள் கணவர் கற்றவை பயனற்றுப் போகவில்லை. ஆனால் அவை மட்டும் இனிப் போதா. நாம் தூத்துக்குடியில் விசாரித்ததில், பிழைத்தவனுக்கும் பிழைக்காதவனுக்கும் இடையிலிருந்த வேறுபாடு பெரும்பாலும் செய்தி எட்டியதும் எட்டாததுமே என்றார்கள். ஒக்கிக்குப் பிறகு, கைபேசி எட்டாத கடலிலும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவி 2019-இல் வந்தது. அதில் செய்தி வரும். நாம் திருப்பிச் சொல்ல முடியாது. படகிலிருந்தும் செய்தி அனுப்பக்கூடிய கருவியை ஒரு இலட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024-இல் தொடங்கப்பட்டது. உங்கள் வள்ளத்தில் அது உண்டா? மிதவைச் சட்டை எத்தனை உண்டு? அதை வீட்டுப் பரணில் வைத்திருக்கிறார்களா, வள்ளத்தில் வைத்திருக்கிறார்களா? ஐதராபாத்திலிருந்து கடல்நிலை பற்றி நாள்தோறும் வெளியாகும் முன்னறிவிப்பைப் புறப்படுமுன் பார்ப்பது யார்? மகன் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவன். அந்தப் பொறுப்பை அவன் ஏற்கலாமே. அனுப்புவதோ நிறுத்துவதோ உங்கள் மூவரின் முடிவு. எதுவாயினும் இக்கேள்விகளுக்கு விடை கிடைக்கும்வரை வள்ளத்தில் ஒருவரும் ஏறக் கூடாதென்று நீங்கள் சொல்லலாம். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

பதினைந்து நாள்களில் மறுமடல் வந்தது. இம்முறை ஒரே பக்கம். மிதவைச் சட்டைகள் இரண்டு இருந்தனவாம். இரண்டும் பரணில்தான் இருந்தனவாம். இறக்கி வெயிலில் காயவைத்து வள்ளத்தில் கட்டியாயிற்று. மகன் இப்போது வாரத்தில் மூன்று நாள் மட்டும் அப்பாவோடு போகிறான். மீதி நாள்களில் தொழிற்பயிற்சி நிலையத்தில் இயந்திரம் பழுதுபார்க்கக் கற்கச் சேர்த்திருக்கிறார்கள். இது யாருடைய யோசனை என்று அவர் எழுதவில்லை. கருவிக்காக உரிய அலுவலகத்துக்குப் போனபோது, விசைப்படகுகளுக்கே முதலில் தருகிறோம், நாட்டுப் படகுகளின் பட்டியல் இன்னும் வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வருகிற திங்கட்கிழமை ஊரிலுள்ள மற்ற வள்ளக்காரர் வீட்டுப் பெண்கள் பதினோரு பேரையும் சேர்த்துக்கொண்டு மறுபடி போகிறார்களாம்.